கடன் வாங்கி முனைவர் ஆகலாமா?

வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்வது குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியே கேட்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கி, ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வேதியியலில் முதுகலை முடித்திருக்கிறேன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வுக்கு இடம் கிடைத்திருப்பதாக இங்குள்ள கல்வி ஆலோசனை நிறுவனம் ஒன்று கடிதம் வாங்கித் தந்திருக்கிறது. உதவித்தொகை எதுவும் இல்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்தால் வங்கி 40 லட்சம் ரூபாய் கடன் தரும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: வேண்டாம். அந்த இடத்தை விட்டுவிட்டு, ஓராண்டு காத்திருந்து மறுபடியும் விண்ணப்பியுங்கள்.

முதுகலைப் படிப்பில் மாணவர் கட்டணம் கட்டுகிறார், பல்கலைக்கழகம் பாடம் நடத்துகிறது. கணக்கு அதோடு முடிகிறது. முனைவர் ஆய்வில் நீங்கள் மூன்று முதல் ஆறு ஆண்டுகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் உழைக்கிறீர்கள். அந்த உழைப்பில் விளையும் கட்டுரைகளில் உங்கள் நெறியாளரின் பெயரும் இருக்கும். அந்தக் கட்டுரைகளைக் காட்டித்தான் அவர் அடுத்த ஆய்வு நிதியைக் கேட்டுப் பெறுவார். எனவே அறிவியல், பொறியியல் துறைகளில் அந்த உழைப்புக்கு யாரேனும் ஒருவர் பணம் கொடுப்பதுதான் வழக்கம். ஸ்வீடன், நார்வே, டென்மார்க், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் முனைவர் ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் சம்பள ஊழியர். அங்கே இடம் என்பதே வேலைவாய்ப்பு விளம்பரமாகத்தான் வெளிவரும். ஜெர்மனியிலும் பலர் அரசு ஊதிய அட்டவணையின் 13ஆம் நிலையில், பாதி நேரமாகவோ மூன்றில் இரண்டு பங்கு நேரமாகவோ கணக்கிட்டுச் சம்பளம் பெறுகிறார்கள். அமெரிக்காவில் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதற்கோ, பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றுவதற்கோ ஈடாகக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதந்தோறும் உதவித்தொகையும் தருகிறார்கள்.

பிரிட்டனிலும் இந்த வழி உண்டு. அந்நாட்டு அரசின் ஆய்வு நிதி அமைப்பான யு.கே.ஆர்.ஐ. வழங்கும் உதவித்தொகை 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டுத் தேர்விலும் அவர்கள் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் போட்டி கடுமையாக இருக்கும். 2025–26ஆம் ஆண்டுக்கு அதன் குறைந்தபட்சத் தொகை 20,780 பவுண்டு. உங்கள் பக்கத்து மேசையில் அமர்ந்து அதே ஆய்வைச் செய்யப்போகும் மாணவர் அந்தத் தொகையை வாங்கிக்கொண்டிருக்க, நீங்கள் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைக் கையிலிருந்து கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வேதியியல் போன்ற ஆய்வகத் துறைகளில் அந்தக் கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு 60,000 பவுண்டு என்று வைத்தாலே, ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் இந்நாளில், உங்கள் 40 லட்சம் கட்டணத்துக்கே போதாது. தங்கும் செலவும், ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் விசாவோடு முன்கூட்டியே செலுத்த வேண்டிய மருத்துவக் கட்டணமும் தனி. அந்த 40 லட்சத்தை ஆண்டுக்குப் பத்து லட்சமாக நான்கு தவணைகளில் எடுத்தீர்கள் என்றும், வட்டி 11 விழுக்காடு என்றும் கொண்டால், படிப்பு முடிவதற்குள் தனிவட்டியாக மட்டும் 11 லட்சம் சேர்ந்திருக்கும். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குச் சலுகை உண்டு என்று ஆலோசகர் சொல்லியிருப்பார்; வரி கட்டும் அளவுக்கு வருமானம் வந்த பிறகுதான் அந்தச் சலுகையால் பயன்.

ஆலோசனை நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டணம் கட்டும் மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகங்கள் இவர்களுக்குத் தரகு தருவது முதுகலைப் படிப்புகளில் வழக்கம். சம்பளத்தோடு கூடிய முனைவர் இடத்தில் தரகுக்கு வாய்ப்பே இல்லாததால், அந்த இடங்களைப் பற்றி இவர்கள் உங்களிடம் பேச மாட்டார்கள். வேதியியலின் பல பிரிவுகளில் பிரிட்டனில் ஆய்வு செய்ய இந்தியர்கள் முன்கூட்டியே பெற வேண்டிய 'ஏடாஸ்' என்ற அனுமதிச் சான்றைப் பற்றி உங்களிடம் சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன் ஒன்று செய்யலாம். அதில் நெறியாளர் என்று குறிப்பிடப்பட்டிருப்பவருக்கு நீங்களே நேரடியாக எழுதி, வெளிநாட்டு மாணவருக்கான உதவித்தொகைக்கு உங்கள் பெயரைத் துறை பரிந்துரைக்குமா, சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பதிலே வரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

கேள்வி: இயந்திரப் பொறியியலில் எம்.இ. படித்திருக்கிறேன். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் 120 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று பேர் மட்டும் 'வாழ்த்துகள்' என்று எழுதினார்கள். என்ன தவறு செய்கிறேன்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 120 பேருக்கு அனுப்பியதுதான் தவறு. நீங்கள் இணைத்திருந்த மின்னஞ்சலைப் படித்தேன். 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கும் அது, பெறுபவர் பெண்ணாக இருந்தாலும் ஐயாவாகவே அழைக்கிறது. உங்கள் பள்ளி மதிப்பெண் தொடங்கி விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ் வரை எல்லாம் இருக்கின்றன. பெறுபவரின் ஆய்வைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இத்தகைய மின்னஞ்சல்கள் நாளுக்குப் பத்து வருகிற ஒருவர் எதைப் பார்த்து உங்களுக்குப் பதில் எழுதுவார்?

பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் கடந்த மூன்று ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் இரண்டையாவது முழுமையாகப் படியுங்கள். அதில் உங்களுக்கு எழுந்த உண்மையான கேள்வி ஒன்றை, உங்கள் எம்.இ. ஆய்வில் நீங்கள் செய்த ஏதேனும் ஒரு வேலையோடு தொடர்புபடுத்தி, ஐந்தாறு வாக்கியங்களில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு புதிய மாணவரைச் சேர்க்கும் எண்ணமும் அதற்கான நிதியும் இருக்கின்றனவா என்று கடைசி வரியில் நேராகவே கேளுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற நம் ஊர்த் தயக்கம் அங்கே யாருக்கும் இல்லை. இரண்டு பக்கத் தன்விவரத்தை இணைத்தால் போதும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்.

இன்னொன்று, எந்த நாட்டுக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மின்னஞ்சலின் பயனும் மாறும். ஜெர்மனியில் தனிநிலை ஆய்வு என்ற முறையில் நெறியாளர் ஒப்புக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டியதாகும். அந்த மொழியில் நெறியாளரை 'டோக்டோர்ஃபாட்டர்', அதாவது முனைவர்-தந்தை என்றுதான் வழங்குகிறார்கள் என்பதிலிருந்தே அந்த உறவின் கனத்தை நீங்கள் உணரலாம். (பெண்ணாக இருந்தால் முனைவர்-தாய்.) ஸ்வீடனிலும் நார்வேயிலும் விளம்பரம் வெளியான இடத்துக்கு அந்தத் தேதிக்குள் விண்ணப்பித்தால்தான் பரிசீலிப்பார்கள், பேராசிரியர் எவ்வளவு விரும்பினாலும் உங்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் பல துறைகளில் ஒரு குழு கூடி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. விண்ணப்பங்கள் டிசம்பரிலும் ஜனவரி தொடக்கத்திலும் முடிந்துவிடும் என்பதால், ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் எழுதினால் உங்கள் பெயராவது அந்தக் குழுவில் ஒருவருக்கு நினைவிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மரீ ஸ்க்வதோவ்ஸ்கா-கியூரி முனைவர் வலையமைப்புகளையும் தேடிப் பாருங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், மூன்றாண்டுச் சம்பளம் உண்டு. வேலை தரும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் வசித்திருக்கக் கூடாது என்பது முக்கியமான நிபந்தனை. திருநெல்வேலியிலிருந்து விண்ணப்பிக்கும் உங்களுக்கு இந்த விதி தடையே இல்லை. 'யூராக்செஸ்' என்ற இணையதளத்தில் இந்த விளம்பரங்கள் வரும்.

பரிந்துரைக் கடிதத்தை 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று துறைத்தலைவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம் கல்லூரிகளில் இது நோய்போலப் பரவியிருக்கிறது. உங்களைப் பெயரளவில் அறிந்த துறைத்தலைவரின் கடிதத்தைவிட, ஆய்வகத்தில் உங்களோடு ஓராண்டு நின்று பார்த்த இளம் உதவிப் பேராசிரியர் தம் சொந்த நடையில் எழுதும் ஒரு பக்கம் பத்து மடங்கு மதிப்புடையது.

கேள்வி: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அமெரிக்கா சென்று, உணவகத்தில் பகுதிநேர வேலை பார்த்துக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கரூர்

பதில்: இல்லை. கல்லூரி நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை பார்க்கலாம். அந்த 20 மணி நேரத்தையும் துறை தரும் கற்பித்தல் பணியே எடுத்துக்கொள்ளும். அனுமதியின்றி வெளி உணவகத்தில் வேலை பார்த்தால் விசாவே பறிபோகும்.

கேள்வி: பட்டியல் இனத்தைச் சேர்ந்தவன், சமூகவியல் முதுகலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மத்திய, மாநில அரசுகளின் உதவித்தொகையை நம்பி வெளிநாட்டில் விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: விண்ணப்பிக்கலாம், அவசியம் விண்ணப்பிக்க வேண்டும். அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் இனத்தவருக்கு. வயது 35க்குள், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள், தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண், உலகத் தரவரிசையில் முதல் 500 பல்கலைக்கழகங்களுள் ஒன்றில் சேர்க்கை ஆகியவை அடிப்படைத் தகுதிகள். கல்விக் கட்டணத்தோடு, பராமரிப்புத் தொகையாகப் பிரிட்டனில் ஆண்டுக்கு 9,900 பவுண்டும் அமெரிக்கா முதலிய பிற நாடுகளில் 15,400 டாலரும் தருகிறார்கள். லண்டனிலோ நியூயார்க்கிலோ அந்தத் தொகையில் அறை வாடகை போக மிஞ்சுவது சொற்பமே என்பதால், ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை எண்ணிப் பாருங்கள். பழங்குடியினருக்குத் தனி அமைச்சகத்தின் கீழ் 20 இடங்கள் கொண்ட வேறொரு திட்டம் உண்டு. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை நடத்தும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வாய்ப்பிருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள அத்துறையின் அலுவலகத்துக்கு நேரில் சென்று, அந்த ஆண்டுக்கான அறிவிக்கையின் படியை வாங்கிப் படியுங்கள்.

மத்தியத் திட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதற்கட்டமாகத் தற்காலிக ஆணை வழங்கப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி கிடைப்பதைப் பொறுத்து என்று சொல்லப்பட்டது. கல்லூரி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருக்க, கையில் ஆணை இல்லாமல் அந்த மாணவர்கள் காத்திருந்தார்கள். உங்களுக்கு அந்த நிலை வராமல் இருக்க, பல்கலைக்கழகமே பணம் தரும் இடங்களுக்கும் அதே பருவத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

உங்கள் துறை சமூகவியல் என்பதால் இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். 2022இல் திருத்தப்பட்ட விதிகளில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூக ஆய்வுகள் ஆகியவை தொடர்பான தலைப்புகளுக்கு இந்தத் திட்டத்தில் உதவி கிடையாது என்று சேர்த்துவிட்டார்கள். இந்த விதி எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையாக மாதம் பதினொன்றரைப் பவுண்டைப் பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அம்பேத்கர் அங்கே ஆராய்ந்தது பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதியை; பின்னர் லண்டனில் ஆராய்ந்தது இந்திய ரூபாயின் சிக்கலை. சாதியைப் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வுரையையும் 1916இல் கொலம்பியாவில்தான் வாசித்தார். அந்த ஆய்வுரையின் தலைப்பை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் இன்று இத்திட்டத்தில் விண்ணப்பித்தால், தகுதியில்லை என்று திரும்பி வரும். மாநிலத் திட்டத்திலும் பல்கலைக்கழக உதவித்தொகைகளிலும் இத்தகைய தடையைச் சந்திக்காமல் நீங்கள் விரும்பும் தலைப்பை முன்வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். மத்தியத் திட்டத்துக்காக மட்டும் தலைப்பை மாற்றிக்கொண்டு, பிடிக்காத பொருளோடு நான்கு ஆண்டுகள் குடித்தனம் நடத்த வேண்டாம்.

அம்பேத்கரும் கடன் வாங்கித்தானே லண்டன் படிப்பை முடித்தார் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். 1920இல் திரும்பச் சென்றபோது அவர் கையில் இருந்தது பம்பாயில் ஆசிரியப் பணி செய்து சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னரின் உதவி, நண்பர் ஒருவர் கொடுத்த கைமாற்று ஆகியவை. வீட்டை அடமானம் கேட்கும் வங்கியும் நண்பரும் ஒன்றல்ல.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராக இருக்கிறேன். கலாநிதி (முனைவர்) பட்டத்துக்காகக் கற்கை விடுமுறையில் வெளிநாடு செல்ல வேண்டும். மனைவியையும் மூன்று வயதுப் பிள்ளையையும் உடன் கூட்டிச்செல்ல எந்த நாடு பொருத்தம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மனைவியும் வேலை செய்ய முடியுமா என்பதை வைத்தே இதைத் தீர்மானியுங்கள், கலாநிதி மாணவர் ஒருவரின் வருமானத்தில் மூன்று பேர் வாழ்வது எங்குமே இறுக்கமானது. அமெரிக்காவில் எஃப்-1 மாணவரின் துணைவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் சென்றால் துணைவர் அனுமதி கேட்டு வேலை பார்க்கலாம். ஆனால் அரசு நிதியில் செல்லும் ஜே-1 மாணவர்கள் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் தாயகத்தில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நீங்கள் எப்படியும் கற்கை விடுமுறைக்காகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுக்கும் பிணைமுறியின்படி ஊர் திரும்ப வேண்டியவர் என்பதால் அது உங்களுக்குப் பெரிய இடையூறாக இராது. பிரிட்டன் 2024 ஜனவரி முதல் முதுமாணி (முதுகலை) மாணவர்கள் பெரும்பாலோர் குடும்பத்தை அழைத்துவருவதை நிறுத்திவிட்டாலும், கலாநிதி ஆய்வாளர்களுக்கு அந்த உரிமை தொடர்கிறது. துணைவர் வேலையும் செய்யலாம். சம்பள ஊழியராகச் சேர்க்கும் ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளில் துணைவரின் வேலை உரிமையோடு பிள்ளை பராமரிப்பு ஏற்பாடுகளும் நன்றாக இருப்பதால், உங்கள் நிலையில் நான் முதலில் அங்கேதான் தேடுவேன். மேலே சொன்ன கியூரி வலையமைப்புகளில் குடும்பப்படியும் சேர்த்துத் தருகிறார்கள்.

பிணைமுறியில் கையெழுத்திடும்போது, ஆய்வு காலம் கடந்து நீண்டால் சம்பளமற்ற விடுமுறை கிடைக்குமா, திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை எப்படிக் கணக்கிடப்படும் என்ற இரண்டையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பிணை நிற்பவர்கள் உங்கள் சக விரிவுரையாளர்களாகத்தான் இருப்பார்கள். பின்னாளில் அவர்கள் வீட்டுக்குக் கடிதம் போகக் கூடாது.

கேள்வி: என் மகளுக்கு அமெரிக்காவில் உயிரியலில் முனைவர் ஆய்வுக்கு ஐந்தாண்டு முழு உதவியோடு இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம் என்கிறாள். செய்தித்தாளில் ஆய்வு நிதியைக் குறைக்கிறார்கள் என்று படித்தேன். பயமாக இருக்கிறது. அவள் கையில் எவ்வளவு கொடுத்தனுப்ப வேண்டும்?
– ஒரு தாய், மதுரை

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 2025இல் அந்நாட்டுக் கூட்டாட்சி அரசு ஆய்வு நிதியைக் குறைத்ததால், குறிப்பாக உயிரியல், மருத்துவத் துறைகளில், சில பல்கலைக்கழகங்கள் புதிய மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தன. கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றவையும் உண்டு. ஆகவே 'முழு உதவி' என்ற சொல்லை நம்பாமல் சேர்க்கைக் கடிதத்தை மகளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள்.

உதவித்தொகை ஆண்டின் 12 மாதத்துக்கா, 9 மாதத்துக்கா என்பது முதல் கேள்வி. ஒன்பது என்றால் கோடை மூன்று மாதங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டும். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்று எழுதியிருந்தாலும், மாணவர் சேவைக் கட்டணங்கள் என்ற பெயரில் பருவந்தோறும் தனியாக ஒரு தொகை வரக்கூடும். மருத்துவக் காப்பீட்டைப் பல்கலைக்கழகம் ஏற்கிறதா என்று பாருங்கள். 'நிறைவான முன்னேற்றம் இருந்தால்' ஐந்தாண்டு உறுதி என்பது நல்ல வாசகம். 'நிதி கிடைப்பதைப் பொறுத்து' என்று இருந்தால், நெறியாளரின் ஆய்வு நிதி தீர்ந்துபோனால் துறை கற்பித்தல் பணி கொடுத்துத் தாங்குமா என்பதை மகள் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அங்குள்ள பட்டமேற்படிப்புக் கல்லூரிகள் பல ஏற்றிருக்கும் உடன்பாட்டின்படி, நிதி உதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் முடிவு சொல்லும்படி மாணவரை வற்புறுத்தக் கூடாது. அதுவரை அவசரப்பட வேண்டாம்.

உதவித்தொகைக்கு வரி உண்டு என்பதையும் மகள் மறந்திருக்கலாம். இந்திய–அமெரிக்க வரி உடன்படிக்கையின் 21ஆம் பிரிவின்படி, பிற நாட்டு மாணவர்கள் பலருக்கு இல்லாத ஒரு சலுகையாக, இந்திய மாணவர்கள் வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி இல்லாமல் செய்யும் நிலையான கழிவைப் பெறலாம். அதைப் பயன்படுத்தாமல் வரி கட்டிவிட்டு வருந்துபவர்கள் ஏராளம்.

இனிக் கையில் கொடுப்பது. விசாவுக்கு முன் செலுத்தும் 350 டாலர் பதிவுக் கட்டணமும், விசா நேர்காணல் கட்டணமும், விமானச் சீட்டும் உங்கள் பொறுப்பு. ஆகஸ்டில் போய் இறங்கினால் முதல் உதவித்தொகை பெரும்பாலும் செப்டம்பர் இறுதியில்தான் வங்கிக்கு வரும், சில இடங்களில் அதற்கும் பிறகு. அதற்குள் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, படுக்கை, பாத்திரம், குளிர் உடை, சாப்பாடு எல்லாம் அவள் செலவு. எனவே இரண்டு மாத உதவித்தொகைக்குச் சமமான தொகை அவளிடம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதைப் புரட்டுவது சிரமமென்றால், 1892 முதல் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடனுதவி வழங்கிவரும் ஜே.என். டாட்டா அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். இத்தகைய சிறு கடனை உதவித்தொகையிலிருந்தே அடைத்துவிட முடியும் என்பதால் நான் முதல் கடிதத்தில் சொன்ன எச்சரிக்கை இதற்குப் பொருந்தாது. முதல் மாதத்துக்கு முன்பணம் தரும் வழக்கம் சில துறைகளில் உண்டு, ஆனால் கேட்டால்தான் தருவார்கள். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே மகளைத் துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.